பேய் எந்த பாஷை பேசும்?

போன செமஸ்டர் இன்டர்னல்ஸ் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி எங்க ஹாஸ்டல் ரூமில் பெரிய சண்டை. விஷயம் ரொம்ப சீரியஸ்: பழைய பேய்ப் படங்களை ரீமேக் பண்ணலாமா, கூடாதா? மூணு பேர் தங்குற ரூமில் எட்டு பேர். 'கிளாசிக்கைத் தொடவே கூடாதுடா'ன்னு ஒரு கோஷ்டி. 'அப்படிப் பார்த்தா நீ ரசிச்ச பாதிப் படம் வந்தே இருக்காது'ன்னு இன்னொரு கோஷ்டி. நான் முதல் கோஷ்டி. அதுவும் சத்தமா. 'சந்திரமுகி மாதிரி ஒரு படத்தை எவனாவது திரும்ப எடுக்க முடியுமா?'ன்னு நான் கேட்டதும் என் ரூம்மேட் ஒருத்தன், தக்கலைக்காரன், சிரிச்சான் பாருங்க.

'மக்கா, சந்திரமுகியே ரீமேக்தாம்ல.'

எனக்கும் தெரியாம இல்லை. மலையாளத்தில் ஏதோ ஒரு படம்னு கேள்விப்பட்டிருந்தேன். ஆனா கேள்விப்படுறது வேற, பார்க்கிறது வேற. அவன் அன்னைக்கே லேப்டாப்பில் 'மணிச்சித்திரத்தாழு' போட்டான். 1993இல் வந்தது. கதை மது முட்டம், டைரக்‌ஷன் ஃபாசில். அரண்மனைக் காட்சிகளில் சிலதை எடுத்தது அவன் ஊர்ப் பக்கம் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனையில். (அந்த அரண்மனை இருப்பது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆனா பராமரிப்பது கேரள அரசு. இதை அவன் வருஷத்துக்கு நாலு தடவை எங்களுக்குச் சொல்வான்.)

படம் ஓடுது. நமக்குத்தான் கதை தெரியுமே, பயப்பட என்ன இருக்குன்னு காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். ரஜினி மாதிரி முதல் சீனிலேயே சண்டை போட்டுக்கிட்டு மோகன்லால் வரலை. படம் நல்லா நகர்ந்த பிறகுதான் ஆளே வர்றார். அதுவரைக்கும் ஒரு பெரிய வீடு, அதில் ஒரு கங்கா, வேலை வேலைன்னு இருக்கிற ஒரு புருஷன். அவ்வளவுதான். அப்புறம் ஷோபனா வாயைத் திறந்து அந்த நாட்டியக்காரியாப் பேசுறாங்க. தமிழில் பேசுறாங்க.

நான் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். பேய் நம்ம பாஷை பேசுது! மலையாளக் கதையில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. மலையாள ஜனங்களுக்கு அந்த வீட்டுக்குள் தமிழ் கேட்டாலே முதுகுத்தண்டு சில்லிடணும், அதுதான் ஏற்பாடு. யோசிச்சுப் பாருங்க. நாம தியேட்டரில் 'ரா ரா' பாட்டுக்கு எதுக்குப் பயந்தோம்? தெலுங்குக்கு. கன்னடத்தில் 2004இல் பி. வாசு எடுத்த 'ஆப்தமித்ரா'விலும் நாகவல்லி தெலுங்குதான் பேசுவாள். அதே பி. வாசு அடுத்த வருஷம் 'சந்திரமுகி' எடுத்தார். 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலைய்யா' எடுத்தபோது அவள் வங்காளத்து மஞ்சுலிகா ஆனாள். ஒவ்வொரு ஊரும் பேயைப் பக்கத்து ஊரிலிருந்துதான் இறக்குமதி பண்ணுது. உள்ளூர்ப் பேய்க்கு மரியாதையே இல்லை!

சிரிப்பா இருந்தாலும் இங்கேதான் நான் கோஷ்டி மாறினேன். பாஷையை மாத்தினார்கள், அரண்மனையை மாத்தினார்கள், பாம்பைக் கொண்டுவந்தார்கள், வேட்டையனையும் ரஜினியே செய்தார். அப்படியும் கதை நின்னுது. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடியது. 'தொடவே கூடாது'ன்னு யாராவது 2004இல் பிடிவாதம் பிடிச்சிருந்தா, எங்க உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துக்கு அந்தக் கதை வந்தே இருக்காது. வராமப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு பிறகு சொல்றேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதுக்குத்தான்.

அதுக்கு முன்னாடி, எது ரீமேக் இல்லைங்கிறதைச் சொல்லிடுறேன். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960இல் வந்தது. 1998இல் கஸ் வான் சான்ட் அதை ஷாட்டுக்கு ஷாட் அப்படியே, கலரில், புது நடிகர்களை வெச்சு எடுத்தார். நானும் பார்த்தேன். நம்ம ரெக்கார்ட் நோட் ஞாபகம்தான் வந்தது. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுறப்ப அவர் தப்பா எழுதின ரீடிங்கையும் சேர்த்து எழுதுவோம்ல, அது மாதிரி. எல்லாம் சரியா இருக்கு, ஆனா எக்ஸ்பெரிமென்ட்டை யாரும் செய்யலை.

இன்னொரு பக்கம் 'ஜகன்மோகினி'. விட்டலாச்சார்யா 1978இல் தெலுங்கில் எடுத்து, தமிழில் டப் ஆகி வந்த படம். பேய் தன் காலையே விறகா அடுப்பில் வெச்சுச் சமைக்கும். மீமா பார்த்து நீங்க சிரிச்சிருப்பீங்க. எங்க ஆயாவைக் கேட்டுப் பாருங்க. டூரிங் டாக்கீஸில் அதைப் பார்த்துட்டு வந்து ஒரு வாரத்துக்கு விடியக்காலையில் அடுப்பு மூட்டப் பயந்துக்கிட்டு தாத்தாவை எழுப்பி அடுப்பங்கரை வாசலில் உட்கார வெச்சிருக்கு. ஏன்னா ஆயா வீட்டிலும் விறகடுப்பு. இருட்டில் விறகுன்னு நினைச்சு எதைத் தள்ளுறோம்னு தெரியாது. அந்தப் பயம் படத்தில் மட்டும் இல்லை, வீட்டு அடுப்பிலும் இருந்தது. 2009இல் நமீதாவை வெச்சு அதே பேரில் தமிழில் திரும்ப எடுத்தாங்க. கிராஃபிக்ஸ் நிறைய. ஆயா டிவியில் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, 'பொம்ம நல்லாகீது'ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிடுச்சு. அதுக்குள்ள எங்க வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்து எவ்வளவோ வருஷம் ஆச்சு. லைட்டரைத் தட்டினா எரியுற அடுப்பில் எந்தப் பேய் காலை வைக்கும்? புதுசா எடுக்கிறவங்க முதலில் பார்க்க வேண்டியது பழைய படத்தை இல்லை, இப்ப நம்ம வீட்டில் எது இருட்டா இருக்குங்கிறதைத்தான்.

எங்க ஊர்க்காரனா இருந்துக்கிட்டு இந்த இடத்தில் கல்வெட்டைப் பத்திப் பேசலைன்னா ஊரில் சோறு போடமாட்டாங்க. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு எல்லாருக்கும் ஸ்கூல் புஸ்தகத்தில் தெரியும். ஆனா வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிற அந்த விதிகள் ஒரு வெர்ஷன் இல்லை, ரெண்டு வெர்ஷன். பராந்தக சோழன் காலத்தில் 919இல் ஒண்ணு, 921இல் திருத்தி இன்னொண்ணு. முதலில் வேட்பாளருக்கு வயசு 30லிருந்து 60. ரெண்டாவதில் 35லிருந்து 70. ஓலையை யார் எடுக்கணும், எப்படிக் காட்டணும்னு ரெண்டாவதில் விவரம் கூடுதல். ரெண்டே வருஷத்தில் பக் ஃபிக்ஸ்! எனக்குப் பிடிச்சது என்னன்னா, புதுசை வெட்டினவங்க பழசைச் செதுக்கி எடுத்துடலை. ரெண்டும் அப்படியே இருக்கு. எதை மாத்தினாங்க, எதை மாத்தலைன்னு நீங்களே போய்ப் பார்த்துக்கலாம். தப்புப் பண்ணினவன் நிக்க முடியாதுங்கிற விதியும் அந்தச் சுவரில் இருக்கு.

சரி, அத்தை கதைக்கு வர்றேன். அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். 'எழுது, பேரை மட்டும் போடாத'ன்னாங்க.

2011. எனக்கு ஆறு வயசு. அத்தை ரெண்டாவது பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. குழந்தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அத்தை தூங்கலை. ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை. ராத்திரியெல்லாம் தோட்டத்துக் கதவைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. குழந்தையைக் கொடுத்தா, 'இது என்னோடது இல்ல, மாத்திட்டாங்க'ன்னு தள்ளினாங்க. அப்புறம் ஒரு நாள் வேற குரலில் பேச ஆரம்பிச்சாங்க. பக்கத்து ஊரில் கிணத்தில் விழுந்து செத்துப்போன ஒரு பொம்பளை பேரைச் சொல்லி, நான்தான் அவள்னாங்க. கவனிச்சீங்களா, அத்தைக்குள்ள வந்த ஆளும் பக்கத்து ஊர்.

ஆயா தீர்மானமா சொல்லிடுச்சு: 'பச்ச ஒடம்புக்காரி. காத்து கருப்பு பட்டுடுச்சி.' அடுத்த அமாவாசைக்கு ரெண்டு பஸ் மாறி ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எந்த இடம்னு வேண்டாம். என்னைக் கூட்டிட்டுப் போகலை. திரும்பி வந்த அத்தையைத்தான் பார்த்தேன். கையில் வேப்பங்கொத்தால அடிச்ச தடிப்பு. முன்நெத்தியில் ஒரு கொத்து முடி இல்லை. அதைப் புளியமரத்தில் ஆணி வெச்சு அடிச்சுட்டு வந்திருந்தாங்க. அத்தை யார்கிட்டயும் பேசலை. இன்னும் ரெண்டு அமாவாசை வரணும், கடைசி அமாவாசைக்கு அங்கேயே தங்கணும்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க.

'தங்கணும்'ங்கிற வார்த்தை எவ்வளவு பயங்கரம்னு அப்போ எனக்குத் தெரியாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியக்காலையில் தீப்பிடிச்சப்போ, மனநிலை சரியில்லைன்னு சங்கிலியில் கட்டி வெச்சிருந்தவங்க 28 பேர் ஓட முடியாமச் செத்துப்போனாங்க. அவங்களையும் வீட்டில் உள்ளவங்க குணமாகணும்னுதான் விட்டுட்டு வந்தாங்க. யாரும் கொல்லணும்னு விடலை.

எங்க வீட்டில் தடுத்தது சித்தப்பா. அவர் அப்போ ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பெரிய படிப்பு கிடையாது, ஐடிஐ. அவருக்கு மனநோய் பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சது சந்திரமுகி மட்டும்தான். ஆயாவுக்கும் சந்திரமுகி தெரியும், ரஜினின்னா உயிர். அந்த ராத்திரி திண்ணையில் நடந்த பேச்சை எங்க வீட்டில் இன்னைக்கும் அப்படியே நடிச்சுக் காட்டுவாங்க.

'அம்மா, ஜோதிகாவுக்கு வந்தா வியாதி, நம்ம புள்ளைக்கு வந்தா மட்டும் பேயா?'

'அது சினிமாடா.'

'அந்தப் பொண்ணுக்கும் பேயின்னுதானே வீடே நம்புச்சு? ரஜினி என்ன சொன்னாரு?'

'அவரு டாக்டருக்குப் படிச்சவருடா.'

'செங்கல்பட்டு ஜிஎச்சுலயும் டாக்டருக்குப் படிச்சவங்கதாம்மா உக்காந்திருக்காங்க.'

ஆயா பதில் சொல்லலை. விடிஞ்சதும் சித்தப்பாவும் மாமாவும் அத்தையை நடுவில் உட்கார வெச்சு பஸ்ஸில் புக்கத்துறை கூட்டுரோடு போய், அங்கிருந்து செங்கல்பட்டு. ஆயா குழந்தையைத் தூக்கிக்கிட்டுக் கூடப் போச்சு, மடியில் விபூதிப் பொட்டலத்தோட. டாக்டர் அம்மா பத்து நிமிஷம் கேட்டுட்டு, இது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ஒரு மனநோய், ஆயிரம் பிரசவத்தில் ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும், உடனே அட்மிட் பண்ணணும், சரியாயிடும்னு சொன்னாங்களாம். விபூதியை எடுத்துப் போடச் சொல்லலை. 'அதுவும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்'னு சொல்லிட்டாங்க. மணிச்சித்திரத்தாழு கிளைமாக்ஸிலும் டாக்டரும் மந்திரவாதியும் கூட்டுச் சேர்ந்துதான் வேலை பார்ப்பாங்க. அது சினிமாத்தனம்னு நினைச்சிருந்தேன். இல்லை போல.

சில வாரம் ஆஸ்பத்திரி. அப்புறம் மாசக்கணக்கில் மாத்திரை. அத்தை குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கிட்ட நாளை ஆயா தேதியோட சொல்லும். அந்தக் குழந்தை இப்போ ஒன்பதாவது படிக்கிறான், என் போனை நோண்டுறான். அத்தை வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாங்க.

நான் சந்திரமுகி ஒரு மருத்துவப் பாடம்னு சொல்லலை. அந்தப் படத்தில் காட்டுற மாதிரி ஒரு பலகையைச் சுத்திவிட்டு யாருக்கும் ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி குணமாகாது. 'கீழ்ப்பாக்கம்'னாலே காமெடின்னு நம்மளைப் பழக்கினதும் இதே தமிழ் சினிமாதான். ஆனா அவ்வளவு மசாலாவுக்கும் நடுவில் அந்தப் படம் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கலை. ரெண்டரை மணி நேரம் பேய், பேய்னு பயமுறுத்திட்டு, கடைசியில் பேய் இல்லைம்மா, ஒரு பொண்ணு, அவளுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிச்சு. மலையாளத்தில் இருந்து நாலு மாநிலம் சுத்தினாலும் அந்தப் பதில் மாறலை. சித்தப்பா அன்னைக்குத் திண்ணையில் பிடிச்சுக்கிட்டது அதைத்தான்.

பேரைக் கவனிங்க. மணிச்சித்திரத்தாழுன்னா வேலைப்பாடு செஞ்ச பூட்டு. ஆப்தமித்ரா, நெருங்கின சிநேகிதன். பூல் புலைய்யா, வழி தெரியாமச் சுத்த விடுற கட்டடம். நாமதான் பேய் பேரையே படத்துக்கு வெச்சோம். அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

2023இல் சந்திரமுகி 2 வந்தது. அதே பி. வாசு, ரஜினிக்குப் பதிலா ராகவா லாரன்ஸ், சந்திரமுகியா கங்கனா ரனாவத். 'அது பார்ட் 2, ரீமேக் இல்லை'ன்னு சொல்வீங்க. அதே அரண்மனை, அதே பூட்டின ரூம், ஒரு வீட்டுப் பொண்ணு மாறுறது, அதே மாதிரி கடைசி ஆட்டம். என்னைப் பொறுத்தவரை அது ரீமேக்தான். ஒரே ஒரு மாத்தம். இந்தத் தடவை பேய் நிஜம். சந்திரமுகி நிஜமாவே ஆவியா வர்றா, வேட்டையனும் வர்றான். இந்தியில் அதுக்கு முந்தின வருஷமே 'பூல் புலைய்யா 2' இதே வேலையைப் பண்ணிட்டாங்க. அங்கேயும் மஞ்சுலிகா நிஜப் பேய் ஆயிட்டா.

எல்லாத்தையும் மாத்துங்க. ரஜினிக்குப் பதில் யாரை வேணா போடுங்க, அரண்மனைக்குப் பதில் அப்பார்ட்மென்ட், நாட்டியத்துக்குப் பதில் ரீல்ஸ். நான் ரெண்டாவது கோஷ்டிதான் இப்போ. ஆனா இந்தக் கதையில் பூட்டுக்குள்ள பேய் இல்லைங்கிறதுதான் கதை. அதை மாத்தினா அது வேற படம். வேற படத்தை வேற பேரில் எடுத்திருந்தா எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பேய் நிஜமா வர்ற படங்கள் எனக்கும் பிடிக்கும், காஞ்சனா எல்லாம் நான் விசில் அடிச்சுப் பார்த்தவன். சந்திரமுகிங்கிற பேரை வெச்சுக்கிட்டு அதைச் சொல்றப்போதான், எங்க வீட்டுத் திண்ணையில் ஒரு தடவை ஜெயிச்ச வாதம் தோத்துப்போகுது.

மிகைப்படுத்துறேன்னு நினைக்கிறீங்களா? போன வருஷம் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். டிவியில் சந்திரமுகி 2. வீடே உட்கார்ந்திருக்கு. அத்தை கீழே உட்கார்ந்து ஒரு பிளவுஸுக்கு ஹூக் தைச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஆவி நிஜம்தான்னு தெரியுற இடம் வந்தது. அத்தை ஊசியை நிறுத்திட்டு, யாரையும் பார்க்காம, சாதாரணமாத்தான் கேட்டாங்க.

'அப்போ நெஜமாவே பேய்தானா?'

எங்களில் ஒருத்தருக்கும் வாய் வரலை. ஆயா மட்டும் வெத்தலையை மென்னுக்கிட்டே, பாதி விளையாட்டாத்தான், 'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னுச்சு. சித்தப்பா எழுந்து போய் சேனலை மாத்தினார். ரிமோட் அவர் பக்கத்திலேயேதான் இருந்தது. அப்படியும் எழுந்து போய் டிவியில் இருக்கிற பட்டனை அமுக்கினார்.

அதனால்தான் அன்னைக்கு ஹாஸ்டலில் தக்கலைக்காரன்கிட்ட அந்தப் படத்தைப் பென்டிரைவில் வாங்கிட்டுப் போனேன். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கரண்ட் இல்லாத நேரம், லேப்டாப்பைத் தையல் மெஷின் மேல வெச்சு அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். மலையாளம் பாதி புரிஞ்சது, பாதிக்கு நான் சொன்னேன். ஷோபனா இன்னும் நாகவல்லி ஆகலை. சும்மா வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கிற இடம். அத்தை ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தச் சொன்னாங்க.

'இந்தப் பொண்ணு தூங்கல போலடா. கண்ணப் பாரு.'

நான் பார்த்தேன். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை முழுப் படமும் பார்த்திருக்கேன், கண்ணைப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆயா வந்து முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துச்சு. ஒரு பத்து நிமிஷம் உத்துப் பார்த்துட்டு, 'இன்னாடா இது, நம்ம ரஜினி படத்தக் காப்பி அடிச்சி வெச்சிருக்கான்?'னு கேட்டுச்சு. அத்தை அப்படிச் சிரிச்சு நான் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு. சார்ஜ் 31 சதவீதம் இருந்தது. ஆயாவுக்காக முதலில் இருந்து போட்டேன்.